சுத்தியல் சொல்லும் சேதி: தொழிற்கூடத்துக்கு ரெசின் தரையைத் தேர்வு செய்வது எப்படி

கான்கிரீட்டின் மேல் பூசி இறுகவைக்கும் ரெசின் தரையைச் சோதிக்க முதலில் வேண்டியது ஒரு சிறு சுத்தியல். குனிந்து, ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அடியிலுள்ள கான்கிரீட்டை ரெசின் இறுகப் பற்றியிருக்கும் இடத்தில் 'டக்' என்று கெட்டியாகச் சத்தம் வரும். பிடி விட்டுப்போன இடத்தில் அதே சுத்தியல் பொள்ளலாக ஒலிக்கும். விரிசல் விட்ட பானையைச் சுண்டினால் வருமே, அந்தச் சத்தம். மேலே பார்த்தால் இரண்டு இடங்களும் ஒன்றுபோலவே பளபளக்கும். காது இன்று கண்டுபிடிப்பதைக் கண் கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் ஏதாவது ஒரு டிராலியின் சக்கரம் அந்த இடத்தை உடைத்திருக்கும்.

உடைந்த துண்டைத் தூக்கி எறியாமல் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத் தூள் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால், கான்கிரீட்டின் மேல் மிதந்து உறைந்த வலுவற்ற சிமெண்ட் பாலை அகற்றாமலே பூசியிருக்கிறார்கள். அடிப்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக வந்தால், ரெசின் எதையுமே பற்றவில்லை. எண்ணெயோ ஈரமோ இடையில் இருந்திருக்கிறது. கான்கிரீட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தால், ஒட்டியதில் பிழை இல்லை. கான்கிரீட் பலவீனமானது, அல்லது சூடும் குளிரும் மாறி மாறி இழுத்த இழுப்பைத் தாங்காமல் பிளந்திருக்கிறது. இப்படித் திருப்பிப் பார்த்த துண்டுகளில், ரெசினே கெட்டுப்போய் உடைந்தது என்று நான் சொல்லக்கூடியவை மிகக் குறைவு.

ஆனால் தரை போடத் திட்டமிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது "எபாக்ஸி நல்லதா, பாலியூரித்தேன் நல்லதா?" என்பதைத்தான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அடியில் என்ன இருக்கிறது, மேலே அன்றாடம் என்ன நடக்கிறது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்த ரெசின் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

பூச்சா, தளமா?

ரெசின் தரையைக் கெட்டியான பெயிண்ட் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சாதாரண பெயிண்டில் இருக்கும் தண்ணீரோ கரைப்பானோ ஆவியாகிப் போக, மிச்சம் காய்ந்து படலமாகிறது. ரெசின் காய்வதில்லை, வினைபுரிந்து இறுகுகிறது. ரெசின் ஒரு டப்பா, அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டையும் கலந்த நொடியிலிருந்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோலப் பின்னத் தொடங்குகின்றன. பின்னி முடிந்த பிறகு அதை மறுபடி உருக்கவோ கரைத்துத் திரவமாக்கவோ முடியாது. எபாக்ஸியின் தொடக்கம் பல் மருத்துவத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் செயற்கைப் பற்களுக்கான பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 1930களின் இறுதியில் இந்த வினைக்குக் காப்புரிமை கோரினார். பாலியூரித்தேன் வேதியியலை ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்தது 1937இல். இன்று தொழிற்கூடத் தரைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு குடும்பங்களிலிருந்தே வருகிறது.

குழப்பம் தொடங்குவது "எபாக்ஸி தரை" என்ற பெயரில். உருளையால் தேய்க்கும் மெல்லிய பூச்சுக்கும் அதே பெயர். கரணையால் அழுத்திப் போடும் கெட்டிச் சாந்துக்கும் அதே பெயர். பிரிட்டனின் ரெசின் தரைச் சங்கமான ஃபெர்ஃபா, இந்தத் தரைகளை எட்டு வகைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் வகை 150 மைக்ரானுக்குள் (1,000 மைக்ரான் ஒரு மி.மீ.) அடங்கும் வெறும் அடைப்புப் பூச்சு. இரண்டாவது 150 முதல் 300 மைக்ரான் வரை, மூன்றாவது 300 முதல் 1,000 மைக்ரான் வரை. தானே பரவி மட்டமாகும் வகை 2 முதல் 3 மி.மீ. கரணை போட்டு இழுக்கும் ஸ்கிரீட் 4 மி.மீ.க்கு மேல். எட்டாவது வகை 6 மி.மீ.க்கு மேல். முதல் வகைக்கும் எட்டாவது வகைக்கும் தடிமனில் 40 மடங்கு வித்தியாசம். இரண்டு ஒப்பந்ததாரர்கள் தரும் விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது, இருவரும் ஒரே தடிமனைத்தான் சொல்கிறார்களா என்று பார்க்காமல் மலிவானதைத் தேர்ந்தெடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ பொருள் செலவாகும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்துத் தடிமனைச் சரிபார்த்துவிடலாம்.

சூடுதான் முதல் வடிகட்டி

இடத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் கேட்பது இதைத்தான்: இந்தத் தரையைக் கழுவுகிற தண்ணீர் எவ்வளவு சூடு?

அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸித் தரைகளில் பெரும்பாலானவை 50, 60 டிகிரி செல்சியஸை எட்டும்போது தம் விறைப்பை இழக்கத் தொடங்கிவிடுகின்றன. உருகுவதில்லை, ஆனால் கண்ணாடி போல இருந்தது தோல் போலாகிறது. அந்த நிலையில் சக்கரம் ஏறினால் தடம் பதியும், அமிலம் பட்டால் எளிதாக உள்ளே இறங்கும். இதைவிடப் பெரிய தொல்லை விரிவு. கான்கிரீட், ஒரு மீட்டர் நீளத்தில், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 10 மைக்ரான் விரிகிறது. மணல் கலக்காத எபாக்ஸி அதைப்போல ஐந்து மடங்கு விரிகிறது. 25 டிகிரியில் இருக்கும் தரையில் 85 டிகிரி வெந்நீரை ஊற்றினால், ஒரு மீட்டர் நீள எபாக்ஸி 3 மி.மீ. நீள விரும்பும். கான்கிரீட் முழுமையாகச் சூடேறினாலும் 0.6 மி.மீ.தான் நீளும், உண்மையில் அதற்குச் சூடே இன்னும் இறங்கியிருக்காது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்த வித்தியாசம் முழுவதும் ஒட்டிய பரப்பில் விசையாகத் தேங்குகிறது. பின்னர் குளிர்ந்த நீர் விழும்போது எதிர்த்திசையில் இழுக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு முறை கழுவினால் ஆண்டுக்கு எழுநூறு தடவைக்கு மேல் இந்த இழுபறி. மணல் சேர்க்கச் சேர்க்க எபாக்ஸியின் விரிவு குறையும் என்பது உண்மை. ஆனால் தினசரி வெந்நீர்க் கழுவலுக்கு அது போதாது.

பால் பதனிடும் கூடங்கள், இறைச்சி வெட்டும் கூடங்கள், பெரிய சமையல் கூடங்கள் ஆகியவற்றில் பாலியூரித்தேன் சிமெண்ட் தரை வழக்கமானதற்குக் காரணம் இதுதான். தொழிலில் சுருக்கமாக 'பியூ சிமெண்ட்' என்பார்கள். பலவற்றில் அடிப்படை ஆமணக்கு எண்ணெய். அதோடு தண்ணீர், ஐசோசயனேட் (பாலியூரித்தேனின் ஹார்டனர்), சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் சேர்கின்றன. ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரியும்போது கரியமில வாயு வெளிவரும். அது குமிழிகளாகித் தரையைப் பஞ்சாக்கிவிடாமல் சுண்ணாம்பு அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும் இந்த ஏற்பாட்டில் கிடைக்கும் தளம், விரிவில் கான்கிரீட்டுக்கு நெருக்கமாக நடந்துகொள்கிறது. கூடவே எபாக்ஸியைவிடச் சற்று நெகிழ்ந்தும் கொடுக்கிறது. பொதுவாக 6 மி.மீ. தளத்தை 70, 80 டிகிரி வரையிலும், 9 மி.மீ. தளத்தை நீராவிக் கழுவல் வரையிலும் பயன்படுத்துகிறார்கள். தடிமன் இங்கே அலங்காரத்துக்கு அல்ல. சூடு ஒட்டிய பரப்பை எட்டுவதற்குள் தணிய வேண்டும், அதற்கான தொலைவு அது.

எபாக்ஸிக்கு இதனால் மதிப்புக் குறைந்துவிடவில்லை. உலர்ந்த கிடங்கு, இயந்திரப் பணிமனை, மின்னணுப் பொருத்தகம், அச்சகம் போன்ற இடங்களில் அதன் கடினமும் மட்டமான பரப்பும் வண்ணத் தெளிவும் பாலியூரித்தேன் சிமெண்டுக்கு இல்லை. ஒரு குறை உண்டு: வெயில் பட்டால் மஞ்சளாகும். பெரிய கதவுகள் திறந்தே கிடக்கும் இடமானால், நிறம் மாறாத அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் மேற்பூச்சு ஒன்று வேண்டும்.

என்ன சிந்துகிறது?

"ரசாயனங்களைத் தாங்கும்" என்று விற்பனைத் தாள் சொல்வதில் பொருளே இல்லை. எந்த ரசாயனம், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்ற நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரு தகவல். கந்தக அமிலத்தைக் குறைந்த அடர்த்தியில் நன்றாகவே தாங்கும் எபாக்ஸி, பாலில் உருவாகும் லாக்டிக் அமிலத்திடமும், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்திடமும் தோற்றுவிடக்கூடும். கேட்பவர்களுக்கு நம்ப முடிவதில்லை. ஒன்று மனிதனின் தோலை எரிக்கும், மற்றது உணவில் சேர்வது. ஆனால் இந்தக் கரிம அமிலங்களின் சிறிய மூலக்கூறுகள் எபாக்ஸியின் வலைக்குள் நுழைந்து உப்பவைக்கின்றன. அதன் வழியாகக் கான்கிரீட்டை எட்டினால் அங்கே சுண்ணாம்போடு வினைபுரிந்து கரையக்கூடிய உப்பாக மாற்றிவிடுகின்றன. தண்ணீரோடு தண்ணீராகக் கான்கிரீட் கழுவிக்கொண்டு போகப்படுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிந்திய திரவம் தேங்கிக் கிடந்தால் நீர் ஆவியாகும், அமிலம் அப்படியே நிற்கும். காலையில் 2 சதவீதமாக இருந்தது மாலையில் பல மடங்கு அடர்த்தியாகலாம். அதனால் வாட்டம் (நீர் வடியும் சரிவு) சரியில்லாத தரையில் எந்த ரெசினும் அதன் சோதனை அட்டவணை சொல்வதைவிடக் கடுமையான சூழலில்தான் வாழ்கிறது. வடிகாலை நோக்கி 80க்கு 1 அல்லது 100க்கு 1 என்ற வாட்டம் கான்கிரீட்டிலேயே இருக்க வேண்டும். ரெசினைக் கொண்டு வாட்டம் கொடுக்கப் புறப்படுவது பணத்தைக் கொட்டுகிற வேலை.

அடர்ந்த அமிலத் தொட்டிகளைச் சுற்றியும் மின்கல அறைகளிலும் நோவோலாக் எபாக்ஸி அல்லது வினைல் எஸ்டர் வேண்டியிருக்கும். கூடம் முழுவதற்கும் அவை தேவைப்படுவதில்லை. தொட்டியைச் சுற்றிச் சில மீட்டர் போதும்.

சக்கரம்

பாரம் என்றதும் எல்லோருடைய கண்ணும் ஃபோர்க்லிஃப்ட் மேல்தான் போகிறது. தரைக்குப் பெரும்பாலும் அதைவிடக் கொடியது கையால் இழுக்கும் பேலட் டிராலி. ஃபோர்க்லிஃப்டின் ரப்பர் டயர் அகலமாகப் படிந்து பாரத்தைப் பரப்பிவிடும். டிராலியின் சின்னஞ்சிறு நைலான் உருளை, தரையைத் தொடுவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கோட்டில். இரண்டு டன் சரக்கு அப்படிப்பட்ட நான்கைந்து கோடுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உருளைக்கு அடியில் ஓர் இரும்புச் சீவல் மாட்டிக்கொண்டால் அது உளியாகிவிடுகிறது. தரைப் பொருளை மாற்றுவதற்கு முன் உருளைகளை மென்மையான பாலியூரித்தேன் உருளைகளாக மாற்ற முடியுமா என்று பாருங்கள்; சில இடங்களில் அந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும்.

தேய்மானமும் மோதலும் வேறு வேறு. மெருகாகத் தேய்ந்துகொண்டே போகும் வழித்தடத்துக்குக் கடினமான மேற்பரப்பு வேண்டும். இரும்புத் துண்டு விழும் இடத்துக்குத் தடிமன் வேண்டும். மணல் நிறைத்த எபாக்ஸிச் சாந்தின் அமுக்க வலிமை சாதாரணத் தரைக் கான்கிரீட்டைவிட இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். ஆனால் 2 மி.மீ. தளத்தின் மேல் கனமான அச்சு விழும்போது நொறுங்குவது அடியிலுள்ள கான்கிரீட்தான்.

அடியிலிருந்து வரும் ஈரம்

இனி வருவது நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத விஷயம். கான்கிரீட் பார்ப்பதற்கு உலர்ந்திருக்கும். உள்ளே ஈரமாக இருக்கும். கான்கிரீட்டுக்கு எல்லோரும் சொல்லும் 28 நாள் கணக்கு வலிமைக்கானது, உலர்வதற்கானது அல்ல. நல்ல சூழலில், முதல் 50 மி.மீ. வரை நாளொன்றுக்கு 1 மி.மீ. உலரும் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதற்கு மேல் வேகம் குறைந்துவிடும். ஒரு பக்கம் மட்டுமே உலரக்கூடிய 150 மி.மீ. தளம், ஓராண்டு வரைகூட எடுத்துக்கொள்ளலாம். தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் போடாமல் விட்டிருந்தால் அது என்றைக்குமே உலராது. மண்ணிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த ஈரத்தின் மேல் ஆவி புகாத ரெசினைப் போட்டு மூடினால் என்ன ஆகும்? சில மாதங்கள் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நாள் தரையில் பொத்தான் அளவில் புடைப்புகள் தெரியும். நாளாக ஆகப் பெரிதாகும். ஊசியால் ஒன்றைக் குத்தினால் அழுத்தத்தோடு திரவம் பீறிட்டு வரும். பழுப்பு நிறம், விரலில் பிசுபிசுப்பு, பிஎச் தாளை நனைத்தால் காரத்தன்மை. இது சவ்வூடு பரவல். கான்கிரீட்டின் கரையும் உப்புகளும் சரியாக வினைபுரியாத ரெசினின் எச்சமும் ஒட்டிய பரப்பில் சேர்ந்து நீரை ஈர்க்கின்றன. அடியிலிருந்து நீர் வந்துகொண்டே இருக்கிறது. வந்த நீர் திரும்பிப் போக முடிவதில்லை. கொப்புளத்தை வெட்டி அடைத்தால், பக்கத்தில் வேறொன்று முளைக்கும்.

ஈரத்தை அளப்பது கடினமான வேலை இல்லை. கான்கிரீட்டில் துளையிட்டு, தளத்தின் தடிமனில் 40 சதவீத ஆழத்தில் உணரியை வைத்து உள்ளே இருக்கும் ஈரப்பதத்தைப் படிக்கும் முறை அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் எஃப் 2170இல் இருக்கிறது. பிரிட்டிஷ் நடைமுறையில் வழக்கமான வரம்பு 75 சதவீத ஒப்பீரப்பதம். பலரும் செய்வது பிளாஸ்டிக் தாள் சோதனை: 45 செ.மீ. சதுரத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது. தாளின் அடியில் நீர்த்துளியோ, கான்கிரீட்டில் கருத்த சதுரமோ தெரிந்தால் நிச்சயம் ஈரம் இருக்கிறது. ஆனால் ஒன்றும் தெரியாவிட்டால் ஈரம் இல்லை என்று பொருள் இல்லை. அந்தத் தாளை நம்பிப் பூசிய தரைகள் கொப்புளித்திருக்கின்றன. துளையிட்டு அளப்பதற்கு ஒரு நாள் போதும்; அதைத் தவிர்ப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஈரம் வரம்பைத் தாண்டினால் வழி இல்லாமல் இல்லை. ஈரத்தைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்ட எபாக்ஸிப் பிரைமர்கள் (அடிப்பூச்சுகள்) உண்டு. பாலியூரித்தேன் சிமெண்ட் இயல்பிலேயே அடி ஈரத்தைக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். எதுவானாலும் அளவு தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

சொரசொரப்பு

பற்றுவதற்குப் பிடி வேண்டும். எந்திரத்தால் இரும்புக் குண்டுமணிகளை வீசியடிக்கும் ஷாட் பிளாஸ்டிங், வைரப் பற்கள் பதித்த கிரைண்டர், ஆழமாகச் செதுக்கும் ஸ்காரிஃபையர் ஆகிய மூன்றும்தான் நம்பத் தக்கவை. மெல்லிய பூச்சுக்குக் கிரைண்டர் போதும். 6 மி.மீ. தளத்துக்கு, கை வைத்தால் உப்புத்தாளைவிடக் கரடாக உறுத்துமளவு, உள்ளேயிருக்கும் ஜல்லியின் முகம் தெரியுமளவு சொரசொரப்பு வேண்டும். அமிலம் ஊற்றிக் கழுவுவது பழைய பழக்கம். அது ஈரத்தையும் உப்பையும் கான்கிரீட்டுக்குள் ஏற்றிவிடுவதால் கைவிட வேண்டியது.

தயாரான பரப்பின் வலிமையையும் அளக்கலாம். 50 மி.மீ. விட்டமுள்ள உலோக வட்டை ஒட்டி, கருவியால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்குவார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன் தாங்க வேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. எண்ணைவிட முக்கியமானது, எங்கே பிய்ந்தது என்பது. கான்கிரீட்டுக்குள்ளேயே பிய்ந்து கல்லோடு வந்தால் நிம்மதி.

எண்ணெய் ஊறிய பழைய தளம் தனி வகைத் துன்பம். மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும், சூடு படும்போது ஆழத்திலிருந்து எண்ணெய் மறுபடி ஊறி மேலே வரும். தண்ணீர்த் துளி ஒன்றை வைத்துப் பாருங்கள். பரவி உறிஞ்சப்படாமல் முத்துப்போல் நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அத்தகைய இடங்களில் அந்தக் கான்கிரீட்டை வெட்டி எடுத்துப் புதிதாக இடுவதே பல நேரங்களில் மலிவாக முடிகிறது.

பூசும் நாள்

கான்கிரீட்டின் மேற்பரப்பு, பனி நிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனி நிலை 26 டிகிரி. அதாவது கான்கிரீட் 29 டிகிரிக்குக் குறையக் கூடாது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தளம் காலையில் 27இல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன் மேல் படியும் நிலையை நெருங்கிவிட்டது என்று பொருள். இறுகாத எபாக்ஸியின் மேல் ஈரம் படிந்தால் ஹார்டனரின் அமீன் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெளிறிய, மெழுகு போன்ற படலமாகும். அதன் மேல் அடுத்த கோட் ஒட்டாது.

வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் முற்பகலில் பிரைமர் போட்டாலும் தொல்லைதான். கான்கிரீட்டின் துளைகளில் உள்ள காற்று விரிந்து மேலே வரும். ரெசினில் குண்டூசித் துளைகள் விழும். தளம் குளிரத் தொடங்கும் பின்மாலையில் போட்டால் காற்று உள்ளே சுருங்கி, பிரைமரையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அனுபவம் உள்ள மேஸ்திரி வெப்பமானியையும் ஈரமானியையும் கையில் வைத்துக்கொண்டு நேரம் குறிப்பது இதனால்தான். அந்தக் காத்திருப்பைச் சோம்பல் என்று எண்ணி அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

கலப்பதில் நடக்கும் பிழை ஒன்றைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இறுகிய தரையில் ஆங்காங்கே, கிட்டத்தட்டச் சம இடைவெளியில், உள்ளங்கை அகலத்துக்குப் பிசுபிசுவென்று என்றைக்கும் இறுகாத திட்டுகள் இருந்தால், வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். வாளியின் சுவரிலும் அடிமூலையிலும் ஒட்டியிருக்கும் ரெசின் சரியாகக் கலந்திருக்காது. ஒரு சொட்டும் வீணாக வேண்டாம் என்று அதை வழித்துத் தரையில் விடும்போது, ஹார்டனர் இல்லாத ரெசின் ஒவ்வொரு திட்டாக விழுகிறது. கலந்ததை இன்னொரு சுத்தமான வாளிக்கு மாற்றி மறுபடி கலக்க வேண்டும்; பழைய வாளியின் ஒட்டலைத் தரைக்குக் கொண்டுவரக் கூடாது.

விளிம்புகள்

தரை நடுவில் பெயர்வதைவிட விளிம்பில் பெயர்வதே அதிகம். வடிகால் ஓரம், கதவு நிலை, கான்கிரீட் இணைப்பு ஆகிய இடங்களில் ரெசின் ஒரு மெல்லிய விளிம்பாக முடிந்தால், சக்கரம் அந்த விளிம்பைத் தூக்கிக்கொண்டே இருக்கும். அங்கெல்லாம் கான்கிரீட்டில் ஒரு காடி வெட்டி, ரெசினை அதற்குள் இறக்கி நங்கூரமிட வேண்டும். காடியின் ஆழமும் அகலமும் தளத்தின் தடிமனைப்போல இரண்டு மடங்கு என்பது வழக்கம். அசையும் இணைப்புகளை மூடிப் பூசினால் அடியில் கான்கிரீட் நகரும்போது மேலே நேர்கோட்டில் விரிசல் விழும். அழகுக்காக இணைப்புக் கோடே தெரியாத தரை வேண்டும் என்று கேட்பவர்கள், அந்த விரிசலைத்தான் கேட்கிறார்கள்.

வழுக்கலும் மின்னேற்றமும்

ஈரமான இடத்தில் வழுக்காமல் இருக்க மணல் தூவிய பரப்பு வேண்டும். ஊசலை ஆட்டித் தரையின் உராய்வை அளக்கும் ஊசல் சோதனையில் 36 அல்லது அதற்கு மேல் வந்தால் வழுக்கும் அபாயம் குறைவு என்று கொள்வார்கள். ஜெர்மன் சாய்தளச் சோதனை ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் பிரிக்கிறது; எண் கூடக் கூட வழுக்கல் குறைவு. சொரசொரப்பு கூடக் கூடக் கழுவுவது கடினமாகும். கொழுப்பு படியும் கூடத்தில் ஆர் 13 போட்டுவிட்டு, சாதாரணத் துடைப்பானைக் கொடுத்தால், சில வாரங்களில் அந்தக் குழிகள் கொழுப்பால் நிரம்பி வழுக்கத் தொடங்கிவிடும். தரையோடு சேர்த்தே கழுவும் எந்திரத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

மின்னணுப் பாகங்கள் கையாளும் இடங்களில், மனிதர் உணரவே முடியாத 100 வோல்ட்டுக்குக் குறைந்த நிலைமின்னும் சில பாகங்களைக் கெடுத்துவிடும். நிலைமின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 61340-5-1, ஆளும் காலணியும் தரையும் சேர்ந்த அமைப்பின் மின்தடை 100 கோடி ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. தரை மட்டும் சரியாக இருந்து பயனில்லை. காலணியும் அதற்குரியதாக இருக்க வேண்டும். ரெசினுக்கு அடியில் செப்புப் பட்டைகளை இட்டு நிலத்தொடர்பு கொடுக்கிறார்கள். பின்னாளில் யாராவது மேலே சாதாரண மெழுகு தடவினால் எல்லாம் வீணாகும்.

எத்தனை மணி நேரம் மூட முடியும்?

எபாக்ஸியின் மேல் மறுநாள் நடக்கலாம். முழு ரசாயனத் தாங்குதிறன் வர ஒரு வாரம் ஆகும். அவ்வளவு நேரம் உற்பத்தியை நிறுத்த முடியாத இடங்களுக்காகவே மெத்தில் மெத்தாக்ரிலேட் இருக்கிறது. 'எம்எம்ஏ' என்ற அந்த ரெசின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும் குளிர்க்கிடங்கிலும் இறுகும். ஆனால் அதன் மணம் மிகக் கடுமை, ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றோட்டத்துக்கு வழி செய்யாமல், உணவுப் பொருட்களை வெளியேற்றாமல் அதைத் தொடவே கூடாது.

இந்த இடத்தில் பூசுகிறவர்களையும் நினைக்க வேண்டும். எபாக்ஸியும் அதன் ஹார்டனரும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தீராது. அந்தத் தொழிலாளி அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், டைஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களைக் கையாளுவோர் பயிற்சி பெற்றிருப்பது கட்டாயம். கிரைண்டர் கிளப்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது; அது நுரையீரலைக் கெடுக்கும். விலைப்புள்ளியில் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் தூசி உறிஞ்சும் எந்திரத்துக்கும் இடமிருக்கிறதா என்று பார்ப்பது தரையை வாங்குகிறவரின் பொறுப்பும்கூட. இவற்றில் மிச்சம் பிடிக்கும் ஒப்பந்ததாரர் ஈரம் அளப்பதிலும் மிச்சம்தான் பிடிப்பார்.

முடிவெடுக்கும் முன் ஒரு சதுர மீட்டர் மாதிரி போட்டுத் தரச் சொல்லுங்கள். வரவேற்பறை ஓரத்தில் அல்ல. வெந்நீர்க் குழாய் திறக்கும் இடத்தில், வடிகாலை ஒட்டி, டிராலி திரும்பும் முனையில். துளையிட்டு எடுத்த ஈரப்பதக் கணக்கையும், சுரண்டிய கான்கிரீட்டின் படத்தையும், டப்பாக்களின் தொகுதி எண்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இரண்டு மாதம் அதன் மேல் வேலை நடக்கட்டும். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தட்டிப் பாருங்கள்.